அடையாற்றில் ஆடப் போன சனிக்கிழமைகள்

கல்யாணமாகி ஒன்றரை வருடம் வரைக்கும் என் கணவர் கையை நான் பகல் வெளிச்சத்தில் பிடித்ததில்லை. முகூர்த்தத்தன்று பிடித்தது கணக்கில் சேராது. அது சாஸ்திரிகள் சொல்லி, ஊரே பார்த்துக்கொண்டிருக்கப் பிடித்தது. அதற்குப் பிறகு எங்கே இடம்? மயிலாப்பூரில் குளத்துக்குப் பக்கத்துத் தெருவில் எங்கள் வீடு. அதில் மாமனார், மாமியார், எப்போது பார்த்தாலும் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த இரண்டு மைத்துனர்கள், மாதத்தில் பாதி நாள் குழந்தைகளோடு வந்து இறங்கிவிடும் நாத்தனார். எங்களுக்கென்று ஓர் அறை இருந்தது என்னவோ உண்மைதான். ஆனால் அரிசி மூட்டையும், மாமனாரின் பழைய பீரோவும், மாவடு ஜாடியும் அந்த அறையில்தான் குடியிருந்தன. கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. தயிர் சாதத்துக்கு உட்கார்ந்த யாருக்காவது மாவடு ஞாபகம் வந்தால் கரண்டியோடு நேராக உள்ளே வந்துவிடுவார்கள். அந்த வீட்டில் மாவடு எல்லோருக்கும் எல்லா நேரமும் ஞாபகம் வரும். அந்த ஜாடியைத் தூக்கிப் போட்டு உடைத்துவிடலாமா என்று நான் பல தடவை நினைத்திருக்கிறேன்.

நான் வாயாடி. "இவ நாக்குதான் இவளுக்குச் சத்துரு" என்று சொல்லித்தான் பிறந்த வீட்டில் அனுப்பி வைத்தார்கள். இவரோ வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று நினைக்கிற ரகம். கூடத்தில் எல்லோருக்கும் நடுவில் என்னைப் பார்த்து "காப்பி" என்பார். நான் கொண்டுவந்து கொடுப்பேன். அன்றைய பேச்சு அவ்வளவுதான்.

எழுபதுகளின் தொடக்கம் அது. இவருக்கு மவுண்ட் ரோடில் ஒரு கம்பெனியில் உத்தியோகம். கல்கத்தாவிலிருந்து மாற்றலாகி வந்த மேலதிகாரி ஒருவர், வருடாந்திர விருந்தில் அதிகாரிகள் எல்லாரும் மனைவியோடு ஆட வேண்டும் என்று நினைக்கிறவர். முந்தைய விருந்தில் இவர் மட்டும் முந்திரிப் பருப்புத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு கல்லுப் பிள்ளையாராக உட்கார்ந்திருந்தாராம். அடுத்த வருடம் உன்னை ஆட்டத்தில் பார்க்க வேண்டும் என்று அதிகாரி இவர் முதுகில் தட்டிவிட்டுப் போக, இவர் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டுவிட்டார்.

ஒருநாள் சாயங்காலம் கிணற்றடிக்கு வந்து நின்றார். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "அடையாறுல ஒரு கிளாஸ் இருக்காம். சனிக்கிழமை சாயங்காலம். ரெண்டு பேருமாப் போகணும்" என்றார்.

"என்ன கிளாஸ்?"

"டான்ஸ்."

"எனக்கா? பரதநாட்டியமா? இந்த வயசுலயா?"

"அது இல்லே. கையைப் பிடிச்சுண்டு ஆடறது. வெள்ளைக்காரா மாதிரி."

தூக்கின வாளியைக் கீழே வைத்தேன். "யார் கையை?"

"உன் கையைத்தான்" என்றார். காது இரண்டும் சிவந்துவிட்டன.

"எந்த சனிக்கிழமையிலேருந்து?" என்றேன்.

வீட்டில் "ஆபீஸ் விஷயம்" என்று சொல்லிவிட்டார். அந்த வீட்டில் ஆபீஸ் என்ற வார்த்தைக்கு இருந்த மதிப்பு கபாலீசுவரருக்குக்கூட இருந்ததா என்று எனக்குச் சந்தேகம். ஆபீஸ் விஷயம் என்றால் யாரும் மேற்கொண்டு கேட்கமாட்டார்கள். அதுவும் பொய் இல்லையே, அதிகாரி சொல்லித்தானே போகிறோம்! ஆனால் என்ன கிளாஸ் என்று தெரிந்தால் அன்றோடு சரி, மறுபடி அடையாற்றுப் பக்கம் தலைவைத்துப் படுக்க முடியாது என்பது எங்கள் இருவருக்கும் தெரியும்.

பஸ்ஸில் அவர் ஆண்கள் பக்கம், நான் பெண்கள் பக்கம். பாலத்தைத் தாண்டி இறங்கிக் கொஞ்ச தூரம் நடந்தால் மரங்களுக்கு நடுவில் பழைய தோட்டத்து வீடு. அதன் முன்கூடம்தான் வகுப்பு. சிவப்பு சிமெண்டுத் தரை. அதில் கேரம் போர்டுக்குத் தூவுகிற போரிக் பவுடரைத் தூவியிருப்பார்கள், கால் வழுக்கிக்கொண்டு போவதற்காக. டீச்சர் ஆங்கிலோ இந்தியர். பூப்போட்ட கவுன், கத்தரித்த தலைமுடி, தெருமுனை வரை கேட்கும் குரல். பட்டணத்திலேயே பிறந்து வளர்ந்தவர் என்பதால் தமிழ் சரளமாக, தன் போக்கில் வரும். அவருடைய கணவர் ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். ரெக்கார்டு மாற்றுவதோடு சரி, வேறு எதிலும் தலையிடமாட்டார்.

முதல் நாள் டீச்சர் எங்களை எதிரெதிரே நிற்கவைத்து, இவருடைய வலது கையை என் முதுகில் வைத்து, என் இடது கையை இவர் தோளில் வைத்தார். நான் தலையைக் குனிந்து காலையே பார்த்துக்கொண்டு நின்றேன். "காலைப் பாக்காதேம்மா, மூஞ்சப் பாரு. பாத்துக்கினே இல்லாட்டி கால் இன்னா ஓடியா பூடும்?" என்றார் டீச்சர். மூஞ்சியைப் பார்த்தேன். இவருக்கு இடது புருவத்தில் சின்ன வெட்டுத் தழும்பு இருக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. ஒன்றரை வருடம் குடித்தனம் பண்ணியிருக்கிறேன்!

பாட்டு ஒன்று முடிவதற்குள் டீச்சர் கையைத் தட்டி, "மாத்து!" என்றார். பெண்கள் எல்லாரும் பக்கத்து ஆணிடம் நகர வேண்டுமாம். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "நான் இவரோடயே ஆடறேனே" என்றேன். டீச்சர் இடுப்பில் கையை வைத்துக்கொண்டார். "புருசன் பொண்டாட்டிய ஒண்ணா வுட்டா டான்ஸ் கத்துக்க மாட்டாங்கம்மா, சண்டைதான் கத்துக்குவாங்க. போ, போ, அடுத்த ஆள்."

அடுத்த ஆள் ஓர் அண்ணாச்சி. தி.நகரில் ஜவுளிக்கடை வைத்திருந்தவர், திருநெல்வேலிப் பக்கம். நல்ல உயரம், நல்ல கனம், நெற்றி நிறைய விபூதி, வெள்ளை வேட்டி. தினமும் நடக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னாராம். "பாண்டி பஜார்ல நடந்தா நாலு பேரு நிறுத்தி ஜவுளி விலை கேக்கான் தாயி. இங்க வந்தா ஒருத்தனும் கேக்கமாட்டான் பாத்துக்கோ" என்றார். ஊரான் கை என்று நான் விறைத்துப்போய் நின்றதைப் பார்த்து, தன் துண்டை எடுத்துத் தன் கைக்கு மேல் போட்டு, "இப்ப பிடி" என்றார். சிரித்துவிட்டேன். அன்று முழுக்க அந்தத் துண்டைப் பிடித்துக்கொண்டுதான் அவரோடு ஆடினேன்.

ஆடினோம் என்று சொல்வதே அதிகம். நான் அண்ணாச்சி காலை மிதித்தேன். மிதித்தால் என்ன செய்வோம்? சட்டென்று நின்று, அவர் கையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். அதே நேரம் அவர், தான்தான் என் காலை மிதித்துவிட்டதாக நினைத்துக் குனிந்தார். மண்டையோடு மண்டை இடித்தது. திரும்பிப் பார்த்தால் கூடம் முழுக்க இதே கதை. காலேஜ் வாத்தியார் ஒருவர் ஒரு டாக்டரம்மாவைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டிருக்கிறார். அந்த அம்மாள் பதிலுக்கு அவரைத் தொடுகிறார். பாட்டு அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கிறது, ஒருத்தரும் நகரவில்லை.

"இன்னாது இது? டான்ஸ் கிளாஸா, கோயிலா?" என்று கத்தினார் டீச்சர். "கால் பட்டா தொட்டுக் கும்புடறது எனக்கும் தெரியும்மா, நானும் இந்த ஊருதான். மூசிக் உங்களுக்காக நிக்குமா?"

இதைவிடப் பெரிய கூத்து கடைசிப் பாட்டில் நடந்தது. சுற்று முடிந்து மறுபடி இவரிடம் வந்து சேர்ந்தேன். வால்ட்ஸ் என்று மூன்று மூன்றாக எண்ணி ஆடுகிற ஆட்டம். ரூபக தாளம்தான் இது என்று இவர் கண்டுபிடித்து, அந்தச் சந்தோஷத்தில் ஒரு சுற்று நன்றாகவே போனோம். அதற்குள் நான் இவர் காலை நங்கென்று மிதித்துவிட்டேன். கட்டின புருஷன் கால்! கையைத் தொட்டால் போதுமா? பழக்க தோஷம், அப்படியே குனிந்து இவர் பாதத்தைத் தொடப் போனேன். பின்னால் சுற்றி வந்த வாத்தியாரும் டாக்டரம்மாவும் என் முதுகில் இடறி விழ, அவர்களைப் பிடிக்கப் போன அண்ணாச்சியும் விழ, போரிக் பவுடரில் எல்லாரும் வழுக்கிக்கொண்டு போனோம். டீச்சரின் கணவர் அன்றைக்கு முதல் தடவையாக எழுந்து நின்று பார்த்தார்.

மறு வாரம் டீச்சர் ஒரு சட்டம் போட்டார். வகுப்பு தொடங்குமுன் எல்லாரும் எல்லாரையும் ஒரு தடவை தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டுவிட வேண்டும். அன்றைக்கு முழுக்க மிதிக்கப் போகிற எல்லா மிதிக்கும் சேர்த்து முன்கூட்டியே மன்னிப்பு. அதற்கப்புறம் யார் குனிந்தாலும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். "அச்சாரம் குடுத்தாச்சுல்லா, இனி தாராளமா மிதிக்கலாம்" என்றார் அண்ணாச்சி. ஒவ்வொரு சனிக்கிழமையும் வட்டமாக நின்று ஒருவரை ஒருவர் தொட்டுக் கும்பிட்டுக்கொள்வோம். புதிதாக யாராவது வந்தால் இதுவும் இங்கிலீஷ் டான்ஸில் ஓர் அங்கம் என்றே நினைப்பார்கள். இவர் என்னைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும்போது மட்டும் எனக்கு என்னமோ செய்யும்.

வாரம் முழுக்கக் காத்திருந்து, போய் நின்றால் முதல் பாட்டும் கடைசிப் பாட்டும்தான் இவரோடு. நடுவில் எல்லாம் ஊர்வலம். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வரும். முகத்திலும் தெரிந்திருக்கும் போல. அண்ணாச்சி கவனித்துவிட்டார். அதற்கப்புறம் அவர் வட்டத்தில் இடம் மாறி நிற்க ஆரம்பித்தார். எனக்கும் இவருக்கும் நடுவில் அவர் ஒருவர்தான் பாக்கி என்று வரும்போது, "எனக்குத் தொண்டை வறளுது டீச்சர், ஒரு மடக்குத் தண்ணி குடிச்சிட்டு வாரேன்" என்று ஒதுங்கிவிடுவார். போகும்போது என்னிடம் மெதுவாக, "நீ உங்க வீட்டுக்காரர்ட்ட போ தாயி" என்பார். தண்ணீர்ப் பானை ஜன்னலோரம் இருந்தது. அந்தப் பாட்டு முடிகிற வரை அவர் தம்ளரை வைத்துக்கொண்டு தோட்டத்தைப் பார்த்தபடி நிற்பார். டீச்சருக்குப் புரியாமலா இருக்கும்? ஒன்றும் சொன்னதில்லை.

ஜைவ் என்கிற வேகமான ஆட்டம் தொடங்கியதும் இவர் வேறு ஆளாகிவிட்டார். ஸ்விங் என்றும் டீச்சர் சொல்வார். பாட்டு நாலு நாலாக ஓடும். கால் ஆறு ஆறாகப் போக வேண்டும். மற்றவர்கள் திண்டாடித் தெருவில் நின்றார்கள். இவர் மார்கழி மாதம் முழுக்க சபாவில் உட்கார்ந்து தொடையில் தாளம் போட்டு வளர்ந்தவர். நாலுக்கு மேல் ஆறை ஓட்டி, எங்கே போய் ஒன்றுசேர்கிறது என்று பார்ப்பது அவருக்கு அல்வா சாப்பிடுகிற மாதிரி. "இது நம்ம தனி ஆவர்த்தனம்டி!" என்று என்னைப் பிடித்துச் சுழற்றிவிட்டார். வாயைத் திறக்காத மனுஷன், நாலு பேருக்கு நடுவில் என்னை "டி" போட்டுக் கூப்பிட்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

இதில் ஒரே ஒரு சங்கடம். பெண்ணின் முதுகில் வைத்த கை சும்மா இருக்க வேண்டுமில்லையா? இவர் கை இருக்காது. விரல் விட்டுத் தாளம் போடும். டாக்டரம்மா போய் டீச்சரிடம் சொல்லிவிட்டார். "இன்னா சார், லேடி முதுகு இன்னா மிருதங்கமா?" என்று டீச்சர் கேட்டதில் இவர் கூனிக் குறுகிப் போனார். அன்றிலிருந்து மற்றவர்கள் முதுகில் கையை மரக்கட்டையாக வைத்துக்கொள்வார். என் முதுகில் மட்டும் பழைய பழக்கம். நான் காட்டிக்கொடுக்கவில்லை.

இப்படி இருக்கும்போது அந்த மேலதிகாரி திரும்பக் கல்கத்தாவுக்கே போய்விட்டார். அவர் இடத்துக்கு வந்தவர் கும்பகோணத்துக்காரர். வருடாந்திர விருந்தில் வீணைக் கச்சேரி வைத்து, தயிர் சாதம் போட்டு எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார். அடுத்த சனிக்கிழமை பஸ் நிறுத்தத்தில் இவர் தயங்கினார். "இனிமே ஆபீஸ் விஷயம்னு சொல்ல முடியாதே."

"உங்களுக்குப் போக வேண்டாமா?"

"வேணும்."

"அப்போ ஆபீஸ் விஷயம்தான். பஸ் வரது, ஏறுங்கோ."

தைரியமாகச் சொல்லிவிட்டேனே தவிர, அதற்கப்புறம் ஒவ்வொரு சனிக்கிழமையும் பஸ்ஸில் தெரிந்த முகம் ஏதாவது இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே போனேன். யாராவது பார்த்துச் சொல்லிவிட்டால்? அந்த இரண்டு பாட்டும், தண்ணீர்ப் பானை தயவில் கிடைக்கிற மூன்றாவது பாட்டும் போய்விட்டால், மறுபடி "காப்பி" என்ற ஒரு வார்த்தையோடு நான் எத்தனை வருடம் ஓட்டுவது?

கடைசியில் யாரும் பார்த்துச் சொல்லவில்லை. நாங்களேதான் மாட்டிக்கொண்டோம். நவராத்திரியின் கடைசி நாள் சாயங்காலம். கூடத்தில் கொலு, வெற்றிலை பாக்குக்கு வந்தவர்கள் கூட்டம். நான் சுண்டல் பாத்திரத்தை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு சமையலறையிலிருந்து அவசரமாக வெளியே வருகிறேன். இவர் தண்ணீர் குடிக்க உள்ளே வருகிறார். நிலைப்படியில் இடிக்க வேண்டியது. இவர் ஒரு கால் பின்னால் வைத்து, என் முதுகில் கையைக் கொடுத்து, பாத்திரத்தோடு என்னைச் சுழற்றி வெளியே விட்டுவிட்டு உள்ளே போய்விட்டார். ஒரு கடலைகூடச் சிந்தவில்லை. அப்படிச் சுழலும்போது என் குதிகால் இவர் பாதத்தில் அழுத்தமாக இறங்கியது. எனக்கும் தெரியவில்லை, இவருக்கும் தெரியவில்லை. பெருங்காயம் கரைத்துக்கொண்டிருந்த மாமியாருக்குத் தெரிந்துவிட்டது.

"நில்லுடி."

நின்றேன்.

"ஆம்படையான் காலை மிதிச்சுட்டுப் போறயே, தெரியறதா?"

"மிதிச்சேனாம்மா?"

"குதிகாலால மிதிச்சே. அவனும் பேசாமப் போறான், நீயும் பேசாமப் போறே. தொட்டுக் கண்ணுல ஒத்திண்டா கை தேஞ்சா போயிடும்?"

என் வாய் இருக்கிறதே, அது என்னைக் கேட்காமலே பதில் சொல்லிவிட்டது. "அதெல்லாம் சனிக்கிழமையே முன்கூட்டிப் பண்ணியாச்சும்மா."

மாமியார் கரண்டியைக் கீழே வைத்தார். "என்னது?" என்றார். அதற்குள் கூடத்தில் யாரோ பாட ஆரம்பித்தார்கள். "சுண்டலைக் கொண்டு போ. நாளைக்குப் பேசிக்கறேன்."

மறுநாள் மத்தியானம், எல்லோரும் படுத்த பிறகு, என்னைக் கூப்பிட்டு எதிரில் உட்காரவைத்தார். நடுவில் கொத்தவரங்காய்க் குவியல். மறைத்துப் பிரயோஜனமில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

"ஊரான் கையைப் பிடிச்சுண்டா ஆடறே?"

"ஆமாம்."

"யாரு அந்த ஊரான்?"

"வாத்தியார் ஒருத்தர். அப்புறம் தி.நகர்ல ஜவுளிக்கடை வச்சிருக்கற அண்ணாச்சி."

"எந்தக் கடை?"

சொன்னேன். அரிவாள்மணையில் ஓடிக்கொண்டிருந்த கை நின்றது. "உயரமா, நெத்தி நிறைய விபூதி இட்டுண்டு?"

"அவரேதான்."

"அவர் கடையிலதானேடி உன் கூறைப்புடவை எடுத்தோம்! சாயம் போகாதுன்னு சொன்னார், போகலையே." கையிலிருந்த காயைக் கீழே வைத்தார். "அவரா ஆடறார்?"

"ரொம்ப நன்னா ஆடுவார்மா."

மாமியார் மனசுக்குள் அண்ணாச்சியை ஆடவிட்டுப் பார்த்தார் போலிருக்கிறது. உதட்டோரம் ஒரு தரம் துடித்தது. உடனே முகத்தைச் சரி பண்ணிக்கொண்டார். "சரி, உன் ஆம்படையானோட எத்தனை நாழி ஆடுவே?"

"முதல் பாட்டு, கடைசிப் பாட்டு. அண்ணாச்சிக்குத் தாகம் எடுத்தா நடுவுல ஒண்ணு."

"இதுக்கா இத்தனை பாடு? நம்மாத்துப் பிள்ளை கையைப் பிடிக்க அடையாறு வரைக்கும் போகணுமாடி உனக்கு?"

அவ்வளவுதான், எனக்குப் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. "போகத்தாம்மா வேணும்! இந்த ஆத்துல எங்கே இடம் இருக்கு? கூடத்துல அப்பா இருக்கார், ரேழில பசங்க படிக்கறான்கள், எங்க ரூம்ல மாவடு இருக்கு. ரெண்டு வருஷமாகப் போறது, அவர் பக்கத்துல உக்காந்துண்டு நாலு வார்த்தை பேசினதில்லை. ஊரானோட ஆடணும்னு எனக்கென்ன தலையெழுத்தா? அந்த ரெண்டு பாட்டுக்காகத்தான் போறேன். அதுவும் கூடாதுன்னா சொல்லிடுங்கோ, நிறுத்திடறேன்!" சொல்லி முடிப்பதற்குள் அழுகை வந்துவிட்டது. மாமியாரிடம் அப்படிக் குரலை உயர்த்தியது அதுதான் முதல் தடவை. இனி பிறந்த வீட்டுக்குப் பெட்டி கட்ட வேண்டியதுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

மாமியார் என்னைப் பார்க்கவில்லை. கொத்தவரங்காயைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து, "மிச்சத்தை நீ நறுக்கிடு" என்று சொல்லிவிட்டுப் பூஜை அறைப் பக்கம் போனார்.

அதற்கப்புறம் இரண்டு மூன்று நாள் வீட்டில் அதைப் பற்றிப் பேச்சே இல்லை. நான் இவரிடம்கூடச் சொல்லவில்லை. சொன்னால் பயத்தில் சாப்பிடமாட்டார். மாவடு ஜாடி மட்டும் ஒரு காலையில் சமையலறைக்கு இடம் மாறியிருந்தது. சனிக்கிழமை வந்தது. புடவை மாற்றிக்கொள்வதா வேண்டாமா என்று நான் கொடியடியில் நின்றுகொண்டிருந்தேன். மாமியார் எட்டிப் பார்த்து, "ஆபீஸ் விஷயத்துக்கு நாழியாகலையா?" என்றார். போய்விட்டு வந்தோம். அன்றைக்கு இவரைத் தவிர மற்ற எல்லார் காலையும் மிதித்தேன், அத்தனை கவனப் பிசகு.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. சாயங்காலக் காப்பி முடிந்ததும் மாமியார் கூடத்தின் நடுவில் வந்து நின்று, "எல்லாரும் கிளம்புங்கோ. பீச்சுக்குப் போயிட்டு, வரும்போது கோவிலுக்கும் போயிட்டு வருவோம்" என்றார். மாமனாருக்கு ரேடியோவில் கச்சேரி இருந்தது. மைத்துனர்களுக்குப் பரீட்சை இருந்தது. "சமுத்திரக் கரையில உக்காந்து படிச்சா மண்டையில ஏறாதாடா?" என்று அவர்கள் புத்தகத்தை மூடினார். குழந்தைகள் குதிக்க ஆரம்பித்துவிட்டன.

"மன்னி வரலையா?" என்றாள் நாத்தனார்.

"மன்னி ஆத்தைப் பாத்துப்பா. திருட்டு பயமா இருக்கு."

அந்த வீட்டில் திருடுவதற்கு அரிசி மூட்டையை விட்டால் வேறு ஒன்றும் கிடையாது.

"அண்ணா?"

"அண்ணா மன்னியைப் பாத்துப்பான். நீ நட."

போய்விட்டார்கள். கடைசிக் குழந்தையின் சத்தம் தெருமுனை திரும்பியதும் வீடு அமைதியாகிவிட்டது. அந்த வீட்டை நான் அப்படிப் பார்த்ததே இல்லை. கூடத்துக் கடிகாரம் இவ்வளவு சத்தமாக அடிக்கும் என்பதுகூட எனக்குத் தெரியாது. வாசல் கதவைச் சாத்தினேன். தாழ்ப்பாள் போடக் கை வரவில்லை, சும்மாதான் சாத்தினேன். கொத்தவரங்காய் சமாசாரம் முழுவதையும் அப்போதுதான் இவரிடம் சொன்னேன். இவர் திகைத்துப்போய்த் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு டீச்சர் சொல்லிக்கொடுத்தபடியே நிமிர்ந்து, கையை நீட்டி, "ஆடலாமா?" என்றார்.

"ஆடறதுக்குத்தான் அடையாறு இருக்கே. இப்படி வந்து உக்காருங்கோ" என்றேன்.

முற்றத்து ஓரத்தில், தோளோடு தோள் பட, கால்களைத் தொங்கவிட்டுக்கொண்டு உட்கார்ந்தோம். இவர் என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். புருவத்தில் எப்படி அடிபட்டது என்று கேட்டேன். சின்ன வயதில் தெப்பக்குளப் படியில் வழுக்கி விழுந்த கதையைச் சொன்னார். அதிலிருந்து பள்ளிக்கூடக் கதை, அதிலிருந்து யாரிடமும் சொல்லாத ஒரு கதை. இவர் இவ்வளவு பேசுவாரா என்று ஆச்சரியமாக இருந்தது. என் வாழ்க்கையில் நான் ஒரு சாயங்காலம் முழுக்க வாயை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தது அன்றைக்குத்தான். சந்தோஷமாக இருந்தேன், அவ்வளவு சந்தோஷமாக இருந்தேன்.

விளக்கேற்றும் நேரம். தெருமுனையில் குழந்தைகள் பலூன்காரனிடம் நின்று அடம்பிடிக்கும் சத்தம் கேட்டது. அவர்கள் வந்து சேர்வதற்கு முன்னாலேயே வாசலில் காலடிச் சத்தம் வந்துவிட்டது. கதவை யாரோ தட்டினார்கள். எங்கள் தெருவில் அந்த வேளையில் யாரும் கதவைத் தட்டமாட்டார்கள், தள்ளிக்கொண்டு வந்துவிடுவார்கள். நாங்கள் பதறி எழுந்து நின்றோம்.

வெளியே மாமனார் குரல். "எதுக்குத் தட்டறே? சும்மாத்தானே சாத்தியிருக்கு. நம்மாத்துக் கதவை நாமே தட்டறதாவது! தள்ளிண்டு உள்ளே போ."

"தள்ளாதேங்கோ" என்றார் மாமியார். "தட்டிட்டு ஒரு நிமிஷம் நில்லுங்கோ. நம்ம காலத்துல நமக்குத்தான் ஒருத்தரும் தட்டலை."

பிறகு கதவு மறுபடி தட்டப்பட்டது, இந்தத் தடவை மெதுவாக. மோதிரம் மரத்தில் படுகிற சத்தம் கேட்டது. மாமனார்தான் தட்டினார்.